நான் ஆடிய மூன்றாம் செட்

சனி இரவு, மருதமுனை

டோஹாவில் ஆண்கள் ஒற்றையர் டென்னிஸ் இன்றோடு முடிந்தது. என் கணவருக்கு அந்த மைதானத்தின் கார் பார்க்கில் வேலை. ஓர் ஆட்டத்தைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. முடிவை ஃபோனில் பார்த்து நான்தான் இங்கிருந்து சொல்லுவேன். மகனும் சாய்ந்தமருதுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனபிறகு, இந்த வீட்டில் கதைக்க ஆளில்லை. அவரோடும் "சோறு திண்டீங்களா", "ஓம்" என்பதோடு கதை முடிந்துவிடும். இந்த ஒரு வாரம்தான் எங்களுக்குக் கதைக்க ஏதோ இருந்தது.

இறுதி ஆட்டம் ஒரு மணித்தியாலம்கூட நீளவில்லை. இரண்டே செட், 6-2, 6-1. எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் என்ன?

வேலை முடிந்து அறைக்குப் போய் அவர் கோல் எடுத்தார்.

"ஆரு புள்ள வெண்டது?"

ஒரே வசனத்தில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. வென்றவனிடமிருந்து இரண்டாம் செட்டைப் பறித்துத் தோற்றவனுக்குக் கொடுத்தேன். மூன்றாம் செட்டை நானே ஆடினேன். ஆறுக்கு ஆறு என்று டை பிரேக் வரை இழுத்தேன்.

"பொறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருதரம் சிரித்தார்.

"நல்ல ஆட்டம்தான் புள்ள," என்றார் கடைசியில்.

படுத்த பிறகுதான் உறைத்தது. ஆட்டம் முடிந்தால்தானே கார்கள் வெளிக்கிடும். அவ்வளவு காரும் சீக்கிரமே போனதை அவர் கார் பார்க் வாசலில் நின்று பார்த்திருப்பார்.