ஆமென் மட்டும் தெரிந்தவள்

8 மார்ச் 1983, செவ்வாய்

சுண்டு,

உங்கள் அக்கா உங்களைக் கூப்பிடுகிற பேர். நீங்க இருந்தவரைக்கும், புருஷனை எப்படி என்று, ஒரு தடவைகூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்ப யார் கேட்கப் போறாங்க.

இந்த டைரி உங்களுடையது. பிப்ரவரி ஒன்பது வரைக்கும் ஷிப்ட்டு நேரம் எழுதி வைத்திருக்கிறீர்கள். பத்தாம் தேதி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நடுவில் இருக்கிற வெற்றுப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்பு படித்தவள் எழுதுவது, தப்பு இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்றைக்கு முழுக்க மழை. மத்தியானம் தூங்கினேனா, முழித்துக்கொண்டு இருந்தேனா, தெரியவில்லை. கிள்ளான் ரயில் போனபோது அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மெதுவாகப் பேசிக்கொண்டன. இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடே தண்டவாளத்தில் ஏறி நகர்ந்து போகிற மாதிரி இருந்தது. ஜன்னலில் மரங்கள் பின்னால் போயின. எங்கே போகுது என்று பயமே இல்லை.

எழுந்தபோது கோப்பி ஆறிப்போய் இருந்தது.

15 மார்ச்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

3 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். இருட்டு விலகுவதற்கு முன்னால் கோவிலுக்குப் போனேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். வெள்ளைச் சேலைகள் புகைக்குள் நடக்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்து முட்டி போட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இதே நேரம் நீங்க ஜெபம் பண்ணுவீங்க, நான் ஆமென் சொல்லுவேன். அவ்வளவுதான் என் வேலை. உங்களுக்குக் கோவில் தமிழ் தண்ணி மாதிரி வரும். தேவரீர் என்பீர்கள், அடியேன் என்பீர்கள். எனக்கு எங்கே வரும்? கல்யாணத்துக்கு ஆறு மாசம் முந்தி ஞானஸ்நானம் எடுத்தவள். புஷ்பவல்லி எஸ்தர் ஆனாள்.

யார் ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டு இருந்தேன். கால் மரத்துப்போனது. எழுந்து சோறு போட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? ஆண்டவர் உங்களுக்குத்தான் சினேகிதர். அவருக்கு நான் உங்க பெண்சாதி. அந்த அளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

19 மே, வியாழன்

ரயில்வே ஆபீஸ் கிளார்க் சோமசுந்தரம் வந்தார். உங்களுக்கும் அவரைத் தெரியும், எப்போதும் சட்டைப்பையில் இரண்டு பேனா. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அக்கா, ஆகஸ்ட்டு கடைசி வரைக்கும்தான் இந்த வீடு லா. அண்ணனுக்காக மூணு மாசம் கூடக் கேட்டு வாங்கினேன். வேற ஆளுக்கு அலாட் ஆயிருச்சு. குழந்தை குட்டிக்காரன், பாவம்."

நமக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிஸ்கட் எடுத்துக்கோங்க தம்பி என்றேன்.

22 மே

பாக்கியம் அக்கா சொல்கிறார், "கர்த்தர் உனக்கு ஒரு வீட்டை ஆயத்தம் பண்ணி வச்சிருப்பாரும்மா." கோவில் பெண்கள் சங்கத் தலைவி, நல்ல மனசுக்காரி. இருக்கலாம். அட்ரஸையும் சேர்த்துச் சொன்னால் நல்லா இருக்கும்.

12 ஜூன், ஞாயிறு

கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து எங்கண்ணன் இராமலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். அண்ணி பலாப்பழம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"பின் ரூமு சும்மாத்தான் கெடக்கு புஷ்பம். வந்துரு."

பலாப்பழத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

"உன் சாமி கோவிச்சுக்குமா? சாமி மாடத்துல முருகனுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. ஏசு படத்தையும் வச்சிர்றேன். ரெண்டு பேருக்கும் சேத்துக் கற்பூரம் காட்டிட்டாப் போச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இடம் ஒதுக்கித் தருகிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு வாசலில் உட்கார்ந்தேன். என் பயம் என்னவென்று எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. வீடு போறது ஒண்ணு. ஆனா அங்க போயி, நீங்களும் இல்லாம, கோவிலும் பக்கத்துல இல்லாம, துவைக்கத் துவைக்கச் சாயம் போற சேலை மாதிரி ஆயிருவேனோ? ஒரு வருஷத்துல ஆண்டவரை நான் மறந்துருவேனோ, அவர் என்னை மறந்துருவாரோ? உங்க மூலமா வந்தவர் உங்களோடயே போயிருவாரோ?

3 ஜூலை

பாக்கியம் அக்கா சொன்ன செராஸ் வாடகை ரூம் கிடைக்கவில்லை. பூச்சோங்கில் ஒன்று பார்த்தோம். ஒண்டிப் பொம்பளைக்குத் தரமாட்டார்களாம்.

கோவிலுக்குப் புதுப் போதகர் ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார். சின்ன வயசு. மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுகிறார்.

24 ஜூலை

மத்தியானக் கனவு. நம்ம வீட்டுக்குச் சுவர் இல்லை. நான் கூட்டிக்கொண்டே இருக்கிறேன், குப்பை எல்லாம் பூ. நீங்க பூட்ஸ் காலோடு உள்ளே வர்றீங்க. "கூட்டின இடத்துல மிதிக்கிறீங்களே" என்று திட்டினேன். நீங்க சிரித்தபடி அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டீர்கள். சுவர் இல்லையே, எது உள்ளே எது வெளியே என்று தெரியவில்லை.

முழித்த பிறகும் கொஞ்ச நேரம் டீசல் வாசம் இருந்தது. அசையாமல் படுத்திருந்தேன்.

14 ஆகஸ்ட்டு, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

நம்ம கல்யாண நாள். வாராவாரம் பிரசங்கம் முடிந்ததும் அந்த வாரத்துத் தம்பதிகளை முன்னால் கூப்பிடுவார்களே, பழைய பட்டியலிலிருந்து உங்க பேரை யாரும் அடிக்கவில்லை. புதுப் போதகருக்கு எப்படித் தெரியும்? கணீரென்று வாசித்தார்.

"இருபத்திரண்டாவது திருமண நாள் காணும் சகோதரர் வேதமணி, சகோதரி எஸ்தர், முன்னே வாங்க."

அதற்குள் நான் எழுந்துவிட்டேன். வருஷா வருஷம் எழுந்து பழகின கால், என்னைக் கேட்கவே இல்லை. பக்கத்தில் பாக்கியம் அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்தார். எழுந்தவள் எப்படித் திரும்ப உட்காருவது? நடந்தேன். மேலே சுற்றுகிற காற்றாடிச் சத்தம் மட்டும். தண்ணிக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது, நடை நீண்டுகொண்டே போனது.

போதகர் எனக்குப் பின்னால் பார்த்தார். "பிரதர் வெளியே நிக்கிறாரா சிஸ்டர்?"

"அவர் இறந்து ஆறு மாசம் ஆச்சுங்க."

அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது. "மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்க," மைக்கிலேயே சொல்கிறார். எனக்கு அவர்மேல்தான் பாவமாக இருந்தது. போதகர் ஜெபித்த பிறகு வீட்டுக்காரர் நாலு வார்த்தை ஜெபம் சொல்வது நம்ம கோவில் வழக்கம் இல்லையா, அதை நான் சொல்றேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்பவும் தெரியவில்லை.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட நல்லாப் பேசுவாரு. எனக்குப் பேச வராது. மாசக் கடைசியில வீட்டுச் சாவிய குடுக்கணும். எங்கண்ணன் கூப்பிடுறாரு. போனா நீங்களும் வரணும். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதாங்க."

தேவரீர் எல்லாம் வரவில்லை. எப்படி முடிப்பது என்றும் தெரியவில்லை, அடுத்தவர் ஜெபத்துக்குத்தானே நான் ஆமென் சொல்லிப் பழக்கம். பின்வரிசையில் ஒரு ஆண் குரல் ஆமென் என்றது. அப்புறம் கோவிலே சொன்னது.

வெளியே வந்ததும் பாக்கியம் அக்கா, "ஏண்டி எஸ்தர், இந்த வாய இத்தனை வருஷமா எங்கடி வச்சிருந்த?" என்று முதுகில் ஒரு அடி வைத்தார். அழுதுகொண்டே அடித்தார்.

வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. யாரும் வீடு தருகிறேன் என்று வரவில்லை. ஆனாலும் கடைக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். "வர்றேண்ணே. படம் மாடத்துல வேணாம். ஏழு மணிக்கு ஒரு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்குவேன்."

"சாத்திக்க. ஒன்பது மணிக்கு மேல சாத்தினா உங்க அண்ணி சோத்துல தண்ணி ஊத்திருவா, அத மட்டும் பாத்துக்க."

30 ஆகஸ்ட்டு, செவ்வாய்

சாவியைக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு மெர்டேக்கா, சுதந்திர நாள், ரோடெல்லாம் கொடி. லோரிக்கார கன்னையா, "இவ்வளவுதானாக்கா சாமான்?" என்று மூன்று தடவை கேட்டார். முன்னால் உட்கார்ந்து வந்தேன். பிரிக்பீல்ட்ஸ் திரும்புகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது செம்பனை மரங்கள்.

11 செப்டம்பர்

மேருவிலிருந்து கோவிலுக்கு இரண்டு பஸ். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதுதான் நுழைந்தேன். போதகர் என்னைப் பார்த்துவிட்டு வார்த்தையை மறந்தார்.

25 செப்டம்பர்

பஸ் வரவே இல்லை. திரும்பி வந்து மீன் கழுவினேன்.

20 அக்டோபர், வியாழன்

ஏழு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். சீதாலெட்சுமி அண்ணி. இந்தக் கதவை அவர் ஒரு நாளும் தட்டினதில்லை. நெற்றி நிறையத் திருநீறு, கண் கலங்கியிருந்தது.

"புஷ்பம், வயித்துல கட்டிங்கிறாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்க. உங்கண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. ஒன் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

பாயில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை கூப்பினார். என் தோளில் சாய்ந்துகொண்டார், பாரமாக. நான் கண்ணை மூடினேன். சொன்னேன். அண்ணியின் பேர், கட்டி, பயம், எல்லாவற்றையும் பேர் சொல்லிச் சொன்னேன். நாளைக்கு நானும் கூடப் போவேன், நீங்களும் கூட வாங்க என்றேன்.

முடிந்ததும் அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டார். "கேட்டிருப்பாரு, இல்ல?"

"கேட்டிருப்பாரு அண்ணி."

முகம் தெளிந்து எழுந்து போனார். அடுப்படியில் பாத்திரச் சத்தம், மகனை அதட்டுகிற சத்தம். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பேக்டரி முணுமுணுப்பு. ஜன்னலுக்கு வெளியே மழை மேகம் வாழை இலைவரைக்கும் இறங்கியிருந்தது. சொன்ன வார்த்தை எல்லாம் பாயிலேயே விழுந்து கிடக்கிற மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் மேல போகாத மாதிரி. நீங்க ஜெபிக்க நான் கேட்டுக்கிட்டு இருந்த காலத்துல எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்ல. நீங்க சொன்னா போய்ச் சேர்ந்துரும்னு இருந்தேன். அண்ணி இப்ப என்னை நம்பிப் போற மாதிரி.

நாளைக்கு முதல் பஸ்ஸில் அண்ணியோடு போகிறேன். வந்து திரும்பவும் சொல்லுவேன். அதில் மாற்றம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கணும். அத்தனை வருஷம் அவ்வளவு சத்தமா, அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்களே, உங்களுக்கும் ஒரு நாளாவது அந்தப் பக்கம் யாரும் இல்லையோன்னு தோணியிருக்கா? அப்படித் தோணியும் மறுநாள் முட்டி போட்டீங்களா?