போர் போடுமுன் எழுதச் சொன்னவளுக்கு

பக்கத்து மனையில் காலையிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓடுகிறது. கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. அந்தப் பாறைத்தூள் வாடை மூக்கில் ஏறியதும் கை தானாகப் போனை எடுத்தது. உன் பெயரைத் தொடப் போனபிறகுதான் நீ இல்லை என்பதே உறைத்தது.

ஏண்டி, உன் கண்டிப்புக்கு ஓர் அளவு வேண்டாமா? நீரோட்டம் பார்ப்பவர்கள் சொல்வது பலிக்கிறதா என்று சோதிக்கத்தான் நாம் இருவரும் அந்த வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கினோம். வேப்பங்கவையோ தேங்காயோ, எதைப் பிடித்து இடம் காட்டினாலும், போர் போடுமுன் இடத்தையும் ஆழத்தையும் எழுதிவிட வேண்டும். போட்டபின், வந்ததை வந்தபடி எழுத வேண்டும். வேறு பேச்சு கூடாது. நான் பாதி நம்பினேன். நீ துளியும் நம்பவில்லை. ஆனாலும், "நம்புறதெல்லாம் அப்புறம்டி. மொதல்ல எழுதட்டும்" என்பாய்.

பெரம்பலூரில் நான் ஒரு காலை வணக்கப் படத்தைப் பார்ப்பதற்குள், தா.பழூரில் உன் மருந்துக்கடையில் உட்கார்ந்தபடி நீ அதை அழித்திருப்பாய். பாடாலூர்க்காரர் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டார், அதுவும் போச்சு. லப்பைக்குடிக்காட்டு பாய் துபாயிலிருந்து, "சலாம் சொன்னாக்கூட அழிச்சுடுவீங்களாம்மா?" என்று கேட்டார். "வ அலைக்கும் சலாம் பாய். உங்க வூட்டுல போர் பாயிண்ட் எங்க பாத்தாங்க, அதச் சொல்லுங்க" என்று நீ எழுதியதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது கசக்கிறது.

உடம்பு முடியாமல் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களிலும் என்னுடன் பேசிக்கொண்டுதான் இருந்தாய். பேசியதெல்லாம் போர் சங்கதிதான். இருமினாய். "சளிடி" என்றாய். நானும் விட்டுவிட்டேன். உன் காரியத்தன்று உன் தங்கை சொல்லித்தான் எனக்கு எல்லாமே தெரியும். "குரூப்புல சொல்லவான்னு கேட்டேங்க்கா. வேணாம்னுட்டா. ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, காந்தத் தண்ணிம்பாங்க, மூலிகைம்பாங்க, அப்புறம் ஒருத்தரும் போர் பத்தி எழுத மாட்டாங்கன்னா."

நீ சொன்னது சரிதான், பாவி. உனக்கு வந்த இரங்கல் செய்திகளுக்கு நடுவிலேயே ஒருவர் உன்னைக் கொண்டுபோன நோய்க்குக் காந்தத் தண்ணீர் வைத்தியம் போட்டார். குரூப்பில் சொல்லாதது போகட்டும். எனக்குத் தனியாகச் சொல்ல உனக்கு என்னடி வந்தது? நானும் உனக்குக் குரூப்பாகவா போய்விட்டேன்?

இரங்கல்களை ஒருநாள் விட்டுவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக அழித்தேன். நீ இருந்திருந்தால் அந்த ஒருநாள்கூட விட்டிருக்க மாட்டாய். அழுதுகொண்டேதான் அழித்தேன். குரூப் ஒழுங்காக நடக்கிறது. நீரோட்டம் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கும் வந்தபாடில்லை.

ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எதை அழித்தாலும் போட்டவரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். உன்னிடம் கேட்காமல் போனதை எல்லோரிடமும் கேட்டுத் திரிகிறேன். நேற்று ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் பிள்ளையார் படம் போட்டார். அழித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா, இனிமே போடல" என்றார்.

"அது கெடக்கட்டுங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"வூட்டுக்காரிய ஆஸ்பத்திரில சேத்துருக்கேம்மா. யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க, கேக்குறேன்" என்றேன்.