கொக்கிப் பக்கத்துப் பச்சை மணி

பாறசாலை,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் அஞ்சுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, உன் தம்பி ஜிஜின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வருகிறான், எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே புனேயில் உனக்கும் தலைவலி காய்ச்சல் எதுவும் வராமல் இருக்கட்டும். சுகம் விசாரித்தாயிற்று, இனி சண்டை. போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், வாட்ஸாப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, அதனால் உனக்கு மாலை அனுப்பும் பொதிக்குள் இதையும் மடக்கி வைக்கிறேன். தமிழ் வாசிக்க மறந்துபோயிற்று என்று மட்டும் சொல்லாதே, உன்னைத் தமிழ் வகுப்பில் சேர்க்க ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டவள் நான்.

என் மணிமாலைகளை விற்க இன்ஸ்டாகிராமில் நீ பக்கம் தொடங்கித் தந்தாய், நல்லது, விற்கவும் செய்கிறது. ஆங்கிலத்தில் நீ எழுதி வைத்ததை நான் வாசித்ததில்லை, படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். போன புதன்கிழமை திருவனந்தபுரத்தில் இருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். கைவேலை செய்கிற பெண்களை வீடியோ எடுத்துப் போடுகிறவளாம், உன் பக்கத்தைப் பார்த்து வந்திருக்கிறாள். நானும் எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த ஜோஸ்மியும் முன்னறையில் பாய் விரித்து நடனப் பிள்ளைகளுக்கு மாலை கோத்துக்கொண்டிருந்தோம். வந்தவள் உன் எழுத்தை மலையாளத்தில் மாற்றிச் சத்தமாக வாசித்தாள். இந்த அம்மாவுக்கு ஊக்கம் தந்தது திருவிதாங்கூர் ராணிமாரின் கழுத்து நகைகளாம், அரண்மனையில் வேலை பார்த்த முன்னோர் வழியாகக் கைமாறி வந்த வித்தையாம், கொக்கிப் பக்கத்தில் இருக்கும் ஒற்றைப் பச்சை மணி ராணிமாருக்குக் கண்ணேறு படாமல் இருக்கக் கோத்த மணியாம். அதை மட்டும் கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் விளக்குங்கள் சேச்சி என்றாள்.

ஜோஸ்மி ஊசியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வந்தவள் வாசித்தாள். பிறகு ஜோஸ்மி என்னைப் பார்த்து, "எக்கா, காஞ்சிரங்குளத்தில பிளவுஸ் தைக்குத ராணி யாரு, நானாக்கும் இல்லியா" என்று சிரித்தாள். அவள் சிரிப்பு உனக்குத் தெரியுமே, பல் மட்டும் சிரிக்கும். எனக்கு முகம் எரிந்தது. இதை எழுதியது நான் இல்லை, என் மகள், அவளுக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லச் சொல்ல ஜோஸ்மி பாதி கோத்த மாலையைக் கையில் எடுத்து, பச்சை மணி எதற்கு என்று நீயே சொல்லு என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாலை தொடங்கும்போது நூலில் மற்ற மணிகள் உருவிப் போகாமல் இருக்க முதலில் வேறு நிறத்தில் ஒரு மணி போட வேண்டும், கடைசியில் அதைக் கொக்கியோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டும், நீ காட்டித் தந்ததுதானே என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை மக்கா. அந்த முதல் மணியை எல்லாரும் கடைசியில் உடைத்து எடுத்துவிடுவார்களாம். எடுக்காமல் பச்சை நிறத்தில் விட்டுவைப்பது அவள் மட்டும் செய்வதாம், அவள் கோத்த மாலை என்பதற்கு அடையாளமாம். நான் இத்தனை நாளும் அதுதான் முறை என்று நினைத்து ஒவ்வொரு மாலையிலும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கண்டிருக்கிறாள், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மெதுவாக வாசி. "நீ தெரிஞ்சிட்டு வைக்குத எண்ணு நெனச்சேன் எக்கா. எனக்க பேரை வாயால சொல்லாம மணியால சொல்லுத எண்ணு சந்தோசப்பட்டேன். இப்பம் அதையும் கொண்டு போயி ராணிக்குக் குடுத்தாச்சா." இவ்வளவுதான். ஊசிப் பெட்டியை எடுத்தாள், செருப்பைப் போட்டாள், போய்விட்டாள். கேமராக்காரி டீகூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஓர்மை உண்டா? "அம்மா, ஜோஸ்மியக்கா எண்ணு போட்டா அதில ஒரு ஸ்டோரி இல்ல" என்றாய். ஸ்டோரி இல்லையா? நெய்யாற்றின்கரையில் பூவார் பஸ்ஸில் முன் சீட்டில் ஒருத்தி கழுத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு மாலையைப் பார்த்து, எங்கே வாங்கினது என்று கேட்டு, நானே கோத்தது என்று அவள் திமிராகச் சொன்னதைக் கேட்டு, என் ஸ்டாப்பில் இறங்காமல் காஞ்சிரங்குளத்தில் அவள் பின்னாலேயே இறங்கிப் போனவள் உன் அம்மா. படிப்பைப் பாதியில் விட்டேன், தையல் பழகப் போய் அதையும் விட்டேன், துணிக்கடை வேலையையும் விட்டேன். எதிலும் இருப்புக் கொள்ளாதவள் என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்வார். அப்படிப்பட்ட நான் பாயில் உட்கார்ந்து கழுத்து வலிக்க வலிக்க எழுந்திருக்காமல் செய்கிற ஒரே வேலை இது. அந்த ஆசை எனக்குள் எந்த அரண்மனையில் இருந்தும் வரவில்லை, அந்த பஸ்ஸில் ஜோஸ்மி கழுத்தில் இருந்து வந்தது. அவளும் யாரிடமும் படிக்கவில்லை, சர்ச் திருவிழாக் கடையில் வாங்கின மாலையை அறுத்துப் பிரித்துத் திரும்பக் கோத்துப் படித்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் நீளம். அவளைப் போல ஒருத்தி கண்முன்னே இருக்கும்போது நீ ராணியைத் தேடிப் போனாயே, அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

நான் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கதவு திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று மன்னிக்கச் சொன்னேன், மிஷின் இன்னும் வேகமாக ஓடியது. உன் எழுத்தை நானே அழித்துவிடலாம் என்று பார்த்தால் பாஸ்வேர்டு உன்னிடம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று இருக்கிற இடத்தை அப்பா அமுக்கிப் பார்த்தார், நம்பர் உன் போனுக்கு வருகிறதாம். எனக்க மாலையைப் பற்றி எழுதினதை மாற்ற எனக்க வீட்டில் வழியில்லை, இது என்ன ஏற்பாடு என்று தெரியவில்லை. அப்பா வேறு, ராணிக்கு ஒரு கடிதம் போட்டுப் பார் என்று கேலி செய்கிறார், நான் ரசத்தில் உப்புப் போடாமல் கொடுத்தேன்.

அஞ்சு, நான் சொல்வது இதுதான். அரண்மனை முழுவதையும் எடுத்துவிடு. காஞ்சிரங்குளத்தில் துணி தைக்கிற ஜோஸ்மி கோத்த மாலையைக் கண்டு அம்மாவுக்கு ஆசை வந்தது, அவள்தான் காட்டித் தந்தாள், பச்சை மணி அவளுடைய அடையாளம் என்று எழுது. அவள் படத்தையும் போடு, ஆனால் முதலில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போடு. திட்டுவாள், கேட்டுக்கொள். வியாபாரம் குறைந்தால் குறையட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொய்யாக ஒரு முன்னோரை உண்டாக்கினால் உயிரோடு இருக்கிறவள் எங்கே போவாள்?

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடாதே, ஏத்தன் வாழைக்காய் வறுத்தது பொதியில் உண்டு, கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. ஈரத் தலையோடு ஏசியில் உட்காராதே. நீ கேட்ட நீல மாலையும் வைத்திருக்கிறேன். கொக்கிப் பக்கம் பார், பச்சை மணி இல்லை. பச்சை போட்டுத்தான் தொடங்கினேன், கை பழகிப்போனது, முடிக்கும்போது குறட்டால் நெரித்து உடைத்து எடுத்துவிட்டேன். ஜோஸ்மி வைக்கச் சொல்லாமல் இனி வைக்க எனக்குக் கை வராது. அந்த இடத்தில் நூல் மொட்டையாக இருக்கிறது, முடிச்சு பிடரியில் உராயும். உராயட்டும். நீ அவளைக் கூப்பிட்டுப் பேசுகிற வரை அது உன் கழுத்தில் கிடந்து குத்தட்டும்.

நீ நன்றாக இரு, தெய்வம் உனக்குத் துணை. எழுதினதை மாற்ற மறக்காதே.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா ஸ்மிதா