கூரைக்கு மேலே இருந்த அருந்ததி

என் அன்பான ராஜத்தின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதுதான் உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதையும் பெட்டியில் பூட்டிவைக்காமல், ஊரே படிக்கிற வாரப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். காரணம் இருக்கிறது. உங்களைப் பொய்யர் என்று நான் சொன்னது ஊர் நடுவில். ஒருமுறை அல்ல, நாற்பத்தொரு வருஷம். அதைத் திருத்துவதும் ஊர் நடுவில்தான் நடக்க வேண்டும். பூஜையறையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாசலில் தலை நிமிர்ந்து நடப்பது எனக்குச் சரிப்படாது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். நான் வானம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அறுபத்தொரு வயதில், தினமும் மாலை, எஸ்பிளனேடு கடற்சுவர் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து. நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நம்மைத் தெரியாத வாசகர்களுக்காக நம் கல்யாணக் கதையை ஒருமுறை சொல்ல வேண்டும். நீங்கள் ஆயிரம் தடவை கேட்டதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வைகாசி மாதம், காலை பத்து மணி, அத்தாப்பு ஓலை வேய்ந்த பந்தல். அம்மி மிதித்தாயிற்று. ஐயர், “அருந்ததியைப் பாரும்மா” என்றார். நீங்கள் கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினீர்கள். எல்லாப் பெண்களும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டுகிற இடம் அது. ஆனால் கண்ணால் காணாததைக் கண்டேன் என்று சொல்லக் கூடாது என்று பத்து வருஷம் கான்வென்ட்டில் மதர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“பார்த்தியா?” என்றார் ஐயர்.

“இல்லைங்க. அத்தாப்புதான் தெரியுது.”

பந்தலே அதிர்ந்தது. அம்மா என் முதுகில் கிள்ளினார். ஐயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, நீங்களாவது பார்த்தீங்களா?”

“பார்த்துட்டேன் சாமி” என்றீர்கள். கண்கூட இமைக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தேன் உங்களை. பட்டப்பகலில் கூரையைத் துளைத்து நட்சத்திரம் பார்த்த மனிதர் என்று எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன்! பந்தியில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், நீங்கள் கணக்கெழுதும் கிராணியாக இருந்த துறைமுக ஆபீசின் பெரிய துரையின் மனைவியிடம் இங்கிலீஷிலும் சொன்னேன். நீங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது, “ஒரு சாயங்காலம் எஸ்பிளனேடுக்கு வா, காட்டுறேன்” என்பீர்கள்.

“அன்னைக்குச் சொன்னது பொய்னு முதல்ல ஒத்துக்குங்க. வர்றேன்.”

“பொய் இல்லையே.”

“அப்போ நான் வரலை.”

அப்படியே நாற்பத்தொரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சித்திரையில் தைப்பிங்கிலிருந்து ராஜம் ஒரு புத்தகம் அனுப்பினாள். புதிதாக வானம் பார்க்கிறவர்களுக்காக லண்டனில் அச்சிட்டது. “அம்மா, நீங்கள் வீட்டில் எல்லோரையும் திருத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அத்தை எழுதியிருந்தார்கள். கொஞ்ச நாள் நட்சத்திரங்களைத் திருத்துங்கள்” என்று ஒரு சீட்டும் வைத்திருந்தாள். அந்த அத்தை யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை செல்லம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வாய் கொஞ்சமும் குறையவில்லை.

எதையும் முறையாகச் செய்கிறவள் அல்லவா நான்? நாற்காலி, கோடு போட்ட நோட்டு, பேனா, குடை, பனிக்குச் சால்வை. இவ்வளவையும் சுமந்துகொண்டு செல்லம்மா முணுமுணுத்தபடி பின்னால் வருவாள். துருவ நட்சத்திரம் வடக்கே பாதி வானத்தில் நிற்கும், அசையாது என்றது புத்தகம். இந்த மாதங்களில் ஏழு நட்சத்திரங்கள் கரண்டி வடிவில் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்றது. நேர் மேலே கரண்டியும் இல்லை, அகப்பையும் இல்லை. ஆனால் வடக்கே, கடலுக்கு மேலே, ஏறக்குறையப் பாதி வானத்தில் ஒரு நட்சத்திரம் தெளிவாக நின்றது. ‘துருவம்’ என்று மையால் எழுதினேன்.

என் தூரப் பார்வை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் துருவத்தை ஒட்டிப் பொடியாக இன்னொரு புள்ளி தெரிந்தது. புத்தகத்தின் துருவத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ‘அச்சுப் பிழை’ என்று குறித்துக்கொண்டேன். பதிப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதமும் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

ஒன்பதாம் நாள்தான் விபரீதம். துருவம் விளக்குக் கம்பத்துக்கு வலப்பக்கம் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இடப்பக்கம் போய்விட்டது.

“அண்ணி, கழுத்து வலிக்குது, கிளம்பலாம். அது எங்கேயும் ஓடிப் போயிடாது” என்றாள் செல்லம்மா.

“ஓடுதேடி! அதுதானே இப்போ தொல்லை!”

கடற்சுவரில் உங்கள் சிநேகிதர் மீரான் அண்ணன் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். ரங்கூன் கப்பலிலும் நாகப்பட்டினம் கப்பலிலும் முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவர். இப்போது அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் காற்று வாங்க வருகிறார். நேராக அவரிடம் போனேன்.

“அண்ணே, உங்க துருவம் நகருது. இதை நம்பித்தான் கப்பல் ஓட்டினீங்களா?”

என் விரல் போன திசையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கச்சான் புரையேறி, செல்லம்மா முதுகில் தட்டும் வரைக்கும் சிரித்தார்.

“தங்கச்சி, அது துருவம் இல்லை லா. துருவம் அந்தா கீழே. ஜெராய் மலைக்கு இடது பக்கம், கடலுக்கு மூணு விரல் மேலே. பாதி நாள் மூட்டத்துல முகமே காட்டாது. பாதி வானத்துல நிக்கிறது லண்டன்காரனுக்கு. வடக்கே போகப் போகத்தான் அது மேலே ஏறும். நாம எங்கே இருக்கோம்? பூமிக்கு இடுப்புல!”

வீட்டுக்கு வந்து புத்தகத்தின் முன்னுரையைப் பார்த்தேன். இந்தப் படங்கள் லண்டன் வானத்துக்கு மட்டுமே என்று இரண்டாம் பத்தியிலேயே போட்டிருந்தது. நான் முன்னுரையைப் படிக்கவே இல்லை. கான்வென்ட்டில் வகுப்புத் தலைவியாக இருந்தபோது, இதே குற்றத்துக்கு மற்றப் பெண்களை மதரிடம் காட்டிக் கொடுத்தவள் நான். ஆனால் அது பிறகு. அன்று கடற்கரையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

“அப்போ நான் ஒன்பது நாளாப் பார்த்தது என்ன?” என்றேன்.

“அது கரண்டிக் காம்புல ஒண்ணு. லண்டன்ல தலைக்கு மேலே நிக்கிற கரண்டி, நமக்கு இங்கே வடக்கே குப்புறக் கிடக்கு, பாருங்க. சப்தரிஷின்னு உங்க ஆளுங்க சொல்லுவாங்க. நீங்க பிடிச்சவர் வசிஷ்டர். பக்கத்துல பொடிசா ஒண்ணு தெரியுதா?”

“அது அச்சுப் பிழை” என்றாள் செல்லம்மா. “அண்ணி லண்டனுக்குக் கடுதாசியே போட்டுட்டாங்க.”

“அல்லா! அதுதான் தங்கச்சி அருந்ததி.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாளாக அவளைப் பார்த்திருக்கிறேன், பிழை என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

மீரான் அண்ணன் அதோடு விடவில்லை. “மச்சானுக்குக் காட்டினதும் இதே இடத்துலதான்” என்றார். “உங்க கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். நலங்கு வச்ச மஞ்சள்கூடக் காயலை, ஓடி வர்றாரு. ‘மீரா, நாளைக்கு ஐயர் அருந்ததி பார்த்தியான்னு கேப்பாரு. பகல்ல எப்படிடா தெரியும்? பொண்ணு கான்வென்ட்ல படிச்சவ, பொய் சொன்னா மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவா. இன்னைக்கே காட்டிடு’ன்னாரு. மேகம் வேற. அது விலகுற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் போனாரு.”

நான் நோட்டைத் திறந்து, ‘அச்சுப் பிழை’ என்று எழுதியிருந்ததை அடித்தேன்.

“இதை ஏன் அவர் என்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது” என்றார். “எப்போ பார்த்தீங்கன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?”

இல்லை. கேட்கவில்லை. பால்காரனிடம் பாலில் எப்போது தண்ணீர் சேர்ந்தது என்று கேட்கிறவள், வண்ணானிடம் எந்தக் கல்லில் துவைத்தாய் என்று கேட்கிறவள், உங்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் ஏன் சொல்லாமல் இருந்தீர்கள்? நான் கேட்கட்டும் என்று காத்திருந்தீர்களா? இல்லை, நான் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது உங்களுக்கும் பிடித்திருந்ததா?

அழுதேனா என்று கேட்பீர்கள். வீடு திரும்பும்போது கொஞ்சம். அதற்கு மேல் முடியவில்லை, சிரிப்பு முந்திக்கொண்டது. என்னிடம் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று மஞ்சள் பூசிய முகத்தோடு கடற்கரைக்கு ஓடிய மாப்பிள்ளை இந்த ஊரில் வேறு எவளுக்கு வாய்த்தான்? இந்தப் பெருமையை நாற்பத்தொரு வருஷம் முன்பே பட்டிருப்பேன். பரவாயில்லை, இப்போது வட்டியும் முதலுமாகப் படுகிறேன்.

இப்போது தினமும் எங்களோடு தெருவிலிருந்து ஐந்தாறு பெண்கள் வருகிறார்கள். செல்லம்மா எல்லோருக்கும், “மூணு விரல், மூணு விரல்” என்று கையை நீட்டிக் காட்டுகிறாள், கப்பலே ஓட்டியவள் மாதிரி. கரண்டியை ஒரு சீனப் பாட்டிகூட நின்று பார்த்துவிட்டுப் போனார். துருவத்தை இதுவரை இரண்டு முறைதான் பார்த்தோம். மங்கலாக, வெட்கப்படுகிறவர் மாதிரி, ஆனால் அசையாமல் இருந்தார். பதிப்பாளருக்கு இரண்டாவது கடிதமும் போட்டுவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாயார் வழக்கம்போல, “உங்க அருந்ததிக் கதையைச் சொல்லணும் அக்கா” என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்றேன், முடிவு மாறியிருக்கிறது என்றும் சொன்னேன். முழுதும் கேட்டவர், அன்று சாயங்காலமே பெண்ணையும் மாப்பிள்ளையையும் நான் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும் என்கிறார்.

செல்லம்மா பயந்தாள். “தாலி இழந்தவங்க நாம ரெண்டு பேரும் போய் முன்னால நிக்கிறதா அண்ணி? ஊர் என்ன சொல்லும்?”

“மணவறையிலே நான் பின்வரிசைதான்டி. கடற்கரையிலே ஏது வரிசை?”

ஆகவே இது என் வாக்கு. வெள்ளிக்கிழமை பந்தியில் எழுந்து நின்று, நீங்கள் பொய் சொல்லவில்லை என்று உரக்கச் சொல்வேன். ஏழரை மணிக்கு அந்தப் பிள்ளைகளைக் கடற்சுவருக்கு நடத்திப் போவேன். மழை பெய்தால் மறுநாள், அன்றும் பெய்தால் அதற்கும் மறுநாள். அந்தப் பெண் தானாக “தெரியுது” என்று சொல்லும் வரை அவளைத் தலையாட்ட விடமாட்டேன். அதுவரை எத்தனை நேரமானாலும் பக்கத்தில் நிற்பேன், உங்களைப் போலவே, மேகம் விலகட்டும் என்று.

உங்களிடம் முதல்முறையாகத் தோற்று, அதில் மிகவும் மகிழ்ந்திருக்கும்
உங்கள் மனைவி,
தையல்நாயகி