கொயினாச் சரை

14 மார்கழி 1943, கொட்டாஞ்சேனை

எங்கள் தெரு மருந்துக் கடைக்காரன் கொயினாவில் மாவைக் கலந்து விற்கிறான். இன்று என் கையாலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன்.

பக்கத்து அறைப் பிலோமினா அக்காவின் மகனுக்கு மலேரியா. யுத்தத்தால் அதற்கு மருந்தான கொயினா வேறெங்கும் இல்லை. கடதாசியில் மடித்த சரை மூன்று வாங்கிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மிஞ்சியிருந்த கடைசிச் சரையை நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். நீர்த்த அமிலத்தில் கரைத்து வடித்தேன். வடிதாளில் தங்கிய வெள்ளைப் பொடி அயடீன் பட்டதும் கருநீலமானது. மாவேதான். வடிந்த நீரை வெயிலில் பிடித்தேன். கொயினாவுக்குரிய நீல ஒளி மிக மங்கலாகத் தெரிந்தது.

மேலதிகாரியிடம் காட்டினேன்.

"இன்ஸ்பெக்டர் முத்திரை வைச்சு அனுப்பாத சாம்பிளுக்கு றிப்போட் எழுதேலாது தம்பி. அவர் அந்தக் கடையிலதான் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறவர், தெரியுமோ?" என்று சிரித்தார். வடிந்த நீர் இருந்த சோதனைக் குழாயைக் கழுவச் சொன்னார். கழுவி ஊற்றிவிட்டேன்.

பின்னேரம் அக்காவிடம் மாவைப் பிரித்துக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. கடைக்காரனைத் திட்டவும் இல்லை. கையை நீட்டினார்.

"மாவைப் பிரிச்செடுத்திட்டீங்கதானே தம்பி. அப்ப மிச்ச மருந்தைத் தாங்கோ."