மெட்டு இறங்கும்வரை உன் மடியில்

பழைய இரும்பு வாங்குகிறவர் இன்று காலை வந்திருந்தார். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நிற்கும் வேனை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு, உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் பின்கதவைத் திறந்தேன். மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. நீ போன பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. நாளை வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவார்.

அதன் பிறகு வேறு வேலை ஓடவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேச்சியின் குழந்தையைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் முழுதாகப் பேசிக்கொண்டதில்லை. எனக்குத் தெரிந்தது நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது மட்டும்தான். அப்படியே சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நமக்குப் பிறந்த இரண்டாவது குழந்தையும் பிறந்த அன்றே போய்விட்டது. இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அழவில்லை. மடித்து வைத்த சின்னத் துணிகளை மறுபடி உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாய். தெருப் பெண்கள் பார்க்க வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். போடியில் இருந்தால் நீ எனக்கு மிஞ்சமாட்டாய் என்று பயந்துதான், அரசாங்கம் கழித்துவிட்ட அந்தச் சுகாதாரப் பிரசார வண்டியை வாங்கினேன். காதர் அண்ணன் தன் பட்டறையில் வைத்து அதை வீடாக்கினார். பலகைக் கட்டில், அடியில் சாமான் பெட்டி, ஓரத்தில் ஸ்டவ், தண்ணீர் டிரம்.

"மாப்ளே, எல்லாம் வச்சாச்சு. வாசல்ல கோலம் போட எடம்தான் இல்ல" என்றார்.

"கோலத்த நான் ரோட்டுல போட்டுக்கிறேன்ணே. பிரேக்கு பிடிக்குமா, அத மொதல்ல சொல்லுங்க" என்றாய் நீ.

பல வாரங்களுக்குப் பிறகு நீ சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர்ச் செய்திகளை எழுதி, தினமும் சாயங்காலம் அந்தக் கவரைப் பத்திரிகைக்காக மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவது என் வேலை. ஒரு மாதத்துக்கு அதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். ஆவணி மாதம். போடியில் புழுதிக் காற்று. போடிமெட்டுக் கணவாய் ஏறினால் சாரல். பூப்பாறைக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஓரத்தில், ஓடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம்.

காலையில் காப்பி குடித்ததும் நடக்கக் கிளம்பிவிடுவாய். முதல் நாள் வளைவு வரைக்கும். பிறகு ஏலக்காடு முழுவதும். அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வாய். வெயிலில் கிளம்பினால் பாதி வழியில் மூட்டம் இறங்கும். மூட்டத்துக்குள் மழை பிடிக்கும். திரும்பி வரும்போது மறுபடி வெயில் அடிக்கும்.

"இந்த மலைக்கு ஒரு நெலையில்ல. எனக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு" என்று ஒரு நாள் சொன்னாய். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இன்னும் சில நாள் இருப்போம் என்று முடிவு செய்தேன்.

பேச்சியை அந்த நடையில்தான் பார்த்தாய். தேவாரத்துப் பக்கம் மலையடிவாரத்துக்காரி. காய் எடுக்கும் காலம் முடியும்வரை எஸ்டேட்டின் கூலி வரிசை வீட்டில், லயத்தில், தங்கியிருந்தாள். நிழல் மரக்கிளையில் தொட்டில் கட்டிப் பெண் குழந்தையைப் போட்டுவிட்டு, செடியடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். நீ தொட்டில் பக்கம் போகாமல் வேறு வழியாக நடந்தாய். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "என்னக்கா, வண்டியிலேயே குடித்தனமா? மாமியாளுக்குப் பயந்து ஓடியாந்துட்டீகளா?"

"மாமியா போய்ச் சேந்துட்டாக. இவரு மட்டுந்தான் மிச்சம். எங்க ஓடுனாலும் கூடவே வர்றாரு."

அவள் சிரித்த சிரிப்பில் மற்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்று குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். நான் தள்ளி நின்றேன். அதன் பிறகு உன் நடை தினமும் அந்த மரத்தடியில்தான் முடிந்தது.

ஒரு வாரம் விடாமல் மழை. குழந்தைக்குச் சளி பிடித்தது, பிறகு காய்ச்சல். எஸ்டேட்டில் கொடுத்த மருந்தில் கேட்கவில்லை. அன்று மதியம், காய் எடுத்துக்கொண்டிருந்த கோலத்தோடு, முழுக்க நனைந்து பேச்சி நம் வண்டிக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, புள்ள மூச்சு இழுக்குது. ஜீப்பு சாயங்காலந்தான்கிறாக. போடி ஆஸ்பத்திரிக்கு வெரசா கொண்டு போகணும்."

"ஏறு" என்றாய். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. குழந்தைக்கு உயிர் இருக்கும்போதே போடிக்கு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது விஷயம். ஸ்டவ்வை அணைத்தேன், பாத்திரத்தைக் கூட எடுத்து வைக்கவில்லை. "ஒன் சேல சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. எங்கிட்டக் குடு" என்று குழந்தையை வாங்கி, காய்ந்த கம்பளியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாய். பேச்சி உன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

மூட்டம் கண்ணாடியில் அப்பியிருந்தது. முன்னால் போகும் சாலை கொஞ்சம்தான் தெரிந்தது. பின்னாலிருந்து குழந்தையின் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பூப்பாறை தாண்டியதும் அந்த இருமல் நின்றது. தூங்கிவிட்டது, நல்லதுதான் என்று நினைத்தேன். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாய்.

போடிமெட்டு சோதனைச் சாவடியில் கை காட்டி நிறுத்தினார்கள். கீழே திருட்டுத்தனமாக ஏலக்காய் போகிறதா என்று பார்ப்பது வழக்கம். மழைக்கோட்டுப் போட்ட கேரளக் காவலர் பின்கதவைத் திறந்தார். கட்டிலையும் ஸ்டவ்வையும் பார்த்து வியந்துபோனார்.

"எந்தா சாரே இது, வண்டியோ வீடோ?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"ஏலக்கா உண்டோ?" கட்டிலடிப் பெட்டியைத் திறந்து கை விட்டுத் துழாவினார். அரிசி, உப்பு, என் சட்டைகள். பிறகு உன் பக்கம் திரும்பினார். "குட்டிக்கு எந்தா சேச்சி?"

"காச்சல். ராத்திரியெல்லாம் அழுகை. இப்பத்தான் கண்ணசந்துச்சு. எழுப்பிராதீங்க."

உன் குரலில் ஒரு பிசிறும் இல்லை. கையால் மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாய். பேச்சி தலையைக் குனிந்து உன் முழங்காலில் முகத்தை வைத்திருந்தாள். அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். முன்னால் வந்து, "சாரே, பதுக்கெ போ. குட்டி உறங்கட்டே" என்றார். மெதுவாகப் போ, குழந்தை தூங்கட்டும் என்று.

மெதுவாகத்தான் ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகளில் கொஞ்சம் இறங்கியதுமே மூட்டம் விலகி, வெயில் விழுந்தது. கீழே போடி தெரிந்தது. தென்னந்தோப்புகளும், புழுதி கிளம்பும் சாலையும், வெளுத்த வானமும். மேலே பெய்த மழைக்கு அங்கே அடையாளமே இல்லை.

"நிறுத்துங்க" என்றாய்.

ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தேன். நீ பேச்சியின் தலையில் கை வைத்தாய். "பேச்சி, இங்க பாரு" என்று ஆரம்பித்தாய்.

"தெரியும்க்கா" என்றாள் அவள்.

நீ அவளையே பார்த்தாய்.

"பூப்பாற தாண்டையிலேயே தெரியும். மாரு கட்டுது, அது அசையல. சொன்னா எறக்கி விட்ருவீகளோன்னு பயந்துட்டேன்க்கா. ஜீப்புக்காரவுக செத்தத ஏத்தமாட்டாக. போன வருசம் எங்க லயத்துக் கெழவிய நடுரோட்டுல எறக்கி வச்சிட்டுப் போய்ட்டாக. கேட்ல தெரிஞ்சா சாவுச் சீட்டு கொண்டான்னு திருப்பி விட்ருவாக. இதுக்கு எங்கிட்டுப் போயி நான் சீட்டு வாங்குவேன்? அதான் வாயத் தொறக்கல. எங்க மண்ணுல போடணும்க்கா. அந்தக் குளுருல போடமுடியாது."

"அடி பாவி மகளே. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுல்ல நான் இறுக்கிப் பிடிச்சிட்டு வந்தேன். நீ அழுதா அங்கேயே நிறுத்திப்புடுவாகன்னு..."

அப்போதுதான் இருவரும் அழுதீர்கள். வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே ஊர் தெரிய. ஏறி வந்த ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. நம்மையும் ஜீப்புக்காரர்கள் மாதிரி நினைத்துத்தான் பெற்ற குழந்தை செத்ததை அவள் அவ்வளவு தூரம் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரே சாவை ஒருத்திக்கு ஒருத்தி மறைத்துக்கொண்டு, ஒருத்தி மடியில் ஒருத்தி தலையை வைத்துக்கொண்டு, அந்தச் சாவடியைக் கடந்திருக்கிறீர்கள். முன்னால் உட்கார்ந்து ஓட்டிய எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

போடியில் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தேவாரம் சாலை. பொட்டிபுரம் விலக்குத் தாண்டி, வண்டி போகிற தூரம் வரை போய் நிறுத்தினோம். அவள் புருஷன் சுருளி சோளக்காட்டில் பரண் மேல் யானைக் காவல் இருந்தான். வண்டியைப் பார்த்து இறங்கி ஓடிவந்தான். பேச்சி உன் மடியைக் காட்டினாள்.

"இதுலயா கொண்டாந்தீக?" என்று என்னிடம் கேட்டான். வண்டியைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். "ஏத்துனீகளே" என்றான். போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைப் பக்கம் நடந்தான்.

குழி வெட்டி முடித்து அவன் வந்து கை நீட்டினான். நீ கொடுக்கவில்லை. பிடிவாதம் இல்லை அது; உன் இடது கை மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. பிரிக்கப் பார்க்கிறாய், முடியவில்லை. பேச்சிதான் உன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, உன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "குடுக்கா. பொழுது போகுது. குடுத்துரு." பெற்றவள் உன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

ஊர் சுற்றப் போன வண்டி அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து நீயே கேட்டாய், மறுபடி மேலே எப்போது போகிறோம் என்று. கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னாய்: "யாரு கை காட்டுனாலும் ஏத்துங்க. உசுரு இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க." அந்தப் பத்தாண்டில் நாம் நடக்கவென்று மலைக்குப் போனதைவிட அதற்காகப் போனதுதான் அதிகம். லயங்களில் நம்மை வீட்டு வண்டிக்காரர்கள் என்றார்கள். சாவு விழுந்தால் ஆள் அனுப்பினார்கள். வழியில் நீ யாரோடும் பேசமாட்டாய். பின்னால் தரையில் உட்கார்ந்து, இறந்தவரின் தலை ஆடாமல் கையால் பிடித்துக்கொள்வாய். சாவடியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சில நேரம் சாவுச் சீட்டு இருந்தது. இல்லாத போதும் நாம் இறங்கித்தான் வந்தோம்.

நீ வயதாகி, நடக்க முடியாமல், நோயில் கிடந்து போனாய். உன்னைக் கொண்டுவர யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நம் வீட்டிலேயே, நம் கட்டிலிலேயே முடிந்தது.

அந்த ஓடைக்கரைக்குப் பிறகு நீ மல்லாந்து படுத்ததே இல்லை. இடது கையை மடக்கி, பக்கத்தில் ஒரு சிறிய இடத்தை வளைத்துக்கொண்டுதான் தூங்குவாய். முதலில் நான் தெரியாமல் அந்த இடத்தில் புரண்டு வந்துவிடுவேன். தூக்கத்திலேயே என்னைத் தள்ளிவிடுவாய். பிறகு பழகிக்கொண்டேன். கட்டில் முழுவதும் எனக்குத்தான் இப்போது. ஆனாலும் ஓரத்தில்தான் படுக்கிறேன். நடுவில் ஒரு கைக்குழந்தை கிடக்கும் அளவுக்கு இடம் விட்டு.