ஓரக் கட்டங்கள்

ஞாயிறு, 2

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே சாம்பல் பருந்து காமிக்ஸ். இரண்டு புத்தகங்கள் கரையானுக்குப் போய்விட்டன. மீதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை படம் வருகிறது. அதற்குள் எல்லாவற்றையும் மறுபடி படித்துவிட வேண்டும் என்று அண்ணனின் நச்சரிப்பு.

லஸ்ஸில் பழைய புத்தகக் கடையில் அவன் பொறுக்கி வாங்கியவை. சாணித்தாள், கறுப்பு வெள்ளை. நான் எழுத்துக் கூட்டியது இதில்தான், பள்ளிப் புத்தகத்தில் இல்லை. பேசுகிறவன் தலைக்கு மேல் உள்ள பலூனில் அண்ணன் விரல் வைப்பான், நான் வாசிப்பேன். அவன் பத்தாவதோடு நின்றான். நான் பி.காம். வீட்டில் முதல் டிகிரி. அவன் இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி.

பொழுது சாய்ந்து வந்தவன் வாசல் குடத்தில் இடித்துக் கவிழ்த்தான்.

அம்மா: "பாத்தியா, மாதா முன்னால சத்தியம் பண்ணி ஒரு மாசம் ஆவல. ஊத்திக்கினு வந்துட்டான்."

அண்ணன் குடத்தை நிமிர்த்தி வைத்தான்.

போன மாதம் அம்மா அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போடவைத்தாள். இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். சொன்னான். அவன் மேல் வாடை அடித்து நான் பார்த்ததே இல்லை. பாக்கு போட்டு மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மீன் விற்கிறவள். அவள் மூக்குக்கு வேறு எந்த வாடையும் எட்டாது.

திங்கள், 3

மழை இல்லை, புழுக்கம். கிண்டியில் பெரிய பேனர், சாம்பல் பருந்து கைகட்டி நிற்கிறான். உடம்பெல்லாம் ரப்பர் மாதிரி. எங்கள் பருந்து இவ்வளவு தடியன் இல்லை.

ஆபீஸில் பைக்குள்ளிருந்து காமிக்ஸ் எட்டிப் பார்த்துவிட்டது. பக்கத்து சீட் ரேவதி: "ஐயோ, நீயா? காமிக்ஸா?" அண்ணன் பையனுக்கு என்று சொன்னேன். அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. "எத்தனாவது படிக்கிறான்?" "மூணாவது." பயலுக்குப் பெயர் வைக்கச் சொல்வதற்குள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

செவ்வாய், 4

அண்ணனுக்கு லீவு. ஆபீஸ் விட்டு வந்ததும் இருவரும் உட்கார்ந்தோம். "நீ படி பாப்பா, எனக்குக் கண்ணு எரியுது" என்றான்.

தண்ணீர்த் தொட்டிக் கதை. அதில் ஒரு முழுப்பக்கப் படம் உண்டு. நடுவில் பருந்து பறக்கிறான். வலது ஓரத்தில், தொட்டி நிழலில், துப்பாக்கியோடு ஒருவன். பருந்துக்குத் தெரியாது, படிக்கிறவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் இந்தப் பக்கம் வந்தாலே அண்ணன் கத்துவான்: "டேய், பக்கத்துல பார்றா!"

இன்று கத்தவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். குண்டு பாய்ந்தது.

"இவன் எங்கேர்ந்து வந்தான்?" என்றான்.

திரும்பப் பழைய பக்கம் வந்து, புத்தகத்தை இடது பக்கமாக நகர்த்தினேன். அந்த ஆள் அண்ணனின் முகத்துக்கு நேராக வந்தான்.

"ஓ. இங்க கீறானா."

சிரித்தான். மீதியைப் படித்தேன். என்ன படித்தேன் என்று தெரியாது.

புதன், 5

நேரில் கேட்க வாய் வரவில்லை. ஆபீஸிலிருந்து மெசேஜ்: அண்ணா, உனக்கு ஓரத்துல இருக்கறது தெரியுதா?

மாலைவரை பதில் இல்லை. தி.நகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வாய்ஸ் மெசேஜ். அந்த இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"பாப்பா, பைப்புக்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி கீது. நேரா எல்லாம் ஷார்ப்பு. பக்கத்துல ஒண்ணும் இல்ல, கீழயும் இல்ல. பொழுது சாஞ்சா சுத்தமா ஒண்ணும் தெரில. கண்ணாஸ்பத்திரில காட்டிட்டேன். மருந்து இல்லன்ட்டாங்க. வண்டி ஓட்டாதன்னாங்க. ஓட்டாம இன்னா பண்றது? அம்மாகிட்ட சொல்லாத. குடின்னா என்னிக்காவது வுட்டுடுவான்னு அதுக்கு ஒரு நம்பிக்க கீது. இத வுட முடியுமா, சொல்லு. படம் பாத்துட்டு நானே சொல்றேன்."

பின்னால் ஹாரன் சத்தம். ஓட்டிக்கொண்டே பேசியிருக்கிறான்.

இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

குடிக்காதவன் குடிக்க மாட்டேன் என்று முட்டி போட்டிருக்கிறான். பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றினவள் நான்.

வெள்ளி, 7

அரை நாள் லீவு. பகல் காட்சி, கடைசி வரிசை. "தள்ளி உக்காந்தாதான் ஸ்கிரீன் உள்ள அடங்கும்" என்று அவனே சொல்லி புக் பண்ணச் சொன்னான்.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் அவன் கை என் துப்பட்டாவைத் தேடிப் பிடித்தது. படியில் யாரோ ஒருவனுடைய காலை மிதித்துவிட்டான்.

"மச்சி, மாட்னிக்கே மட்டையா?"

சுற்றிச் சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். "லைட்டா, நைனா" என்றான். எவ்வளவு பழகிவிட்டது அவனுக்கு.

படம் சுமார். வெடி, புகை. "யாரு பேசறது?" "இப்ப யாரு வுழுந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முன் வரிசை அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் பாப்கார்ன். அண்ணன் தீர்ப்பு: "நம்ம ஆள கொத்து பரோட்டா போட்டுட்டானுங்க." ரொம்ப நாளுக்கப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம்.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டி "ஏறு" என்றான்.

ஏறினேன். ஏன் ஏறினேன்? அடையாறு பாலம் வரைக்கும் அவன் தோளுக்கு மேல் நானே ஓட்டினேன்.

"லெஃப்ட்ல பஸ்."

"பாத்தேன்."

பார்க்கவில்லை. அவன் தோள் அப்போதுதான் தூக்கிப் போட்டது.

சனி, 8

மேகமூட்டம். அம்மாவிடம் சொல்லுவான் சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. காலையில் போனவன் பொழுதோடு வந்தான். முழங்கையில் புதிதாகச் சிராய்ப்பு.

அம்மா: "வுழுந்து வாரிக்கினு வந்திருக்கான் பாரு."

அவள் மஞ்சள் பற்றுப் போட்டாள். அவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிறு, 9

வெயில். பூசை முடிந்து வந்து அம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து, மீனைப் பார்த்தபடியே சொன்னேன். அவன் குடிக்கறதில்லம்மா. கண்ணு போவுது.

அம்மா கை நிற்கவில்லை. "ஆரு சொன்னா?"

"அவனேதான்."

"அப்ப குடிக்கல?"

"இல்ல."

"ஒரு நாள்கூட?"

"இல்லம்மா."

கை நின்றது.

"குடிச்சிருக்கலாமேடி. குடின்னா மாதா கால்ல போட்டு நிறுத்திருப்பேன். இத எங்க கொண்டு போயி போடுவேன்?"

வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். அம்மா எழுந்தாள். கையெல்லாம் செதில். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அண்ணன் ஹெல்மெட்டோடு வண்டி மேல் உட்கார்ந்து போனில் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சுற்றிப்போய் முன் சக்கரத்துக்கு முன்னால், சந்தின் ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

அவன் போனைப் பையில் போட்டான். நிமிர்ந்து நேராகத் தெருக்கோடியைப் பார்த்தான். கியர் போட்டான்.

ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

"இன்னா பாப்பா?" என்றான். "அம்மா எங்க? சொல்லிட்டுக் கெளம்பலாம்னு பாத்தா ஆளக் காணோம்."